ஜிம் கணக்கு கேமுக்கு உதவுமா?

பாளையங்கோட்டையில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகப்போகுது. வெறும் பாரில் ஆரம்பிச்சு பெஞ்ச் பிரஸ் 60 கிலோவுக்கு வந்துட்டேன். ஆனா ஃபோன்ல விளையாடுத துப்பாக்கிச் சண்டை கேம் பிஜிஎம்ஐ-ல அதே ஒரு வருஷமா டைமண்ட் ரேங்குக்கும் அதுக்கு மேல உள்ள கிரவுனுக்கும் நடுவுலயே கிடக்கேன். தினம் நாலு மணி நேரம் விளையாடுதேன். ஜிம்ல இருக்க மாதிரி ஏதாவது கணக்கு வச்சு கேம்லயும் ஏற முடியுமா அண்ணாச்சி? ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணா கைக்கு ஏதும் ஆகுமா?"

முடியும் தம்பி. நான் ஜிம்மில் மாஸ்டராக இருப்பவன், ராத்திரி ஸ்க்வாடோடு அந்த கேமின் எரங்கல் மேப்பில் இறங்குகிறவனும்கூட. அதனால் இரண்டு பக்கமும் நின்று சொல்கிறேன். ஜிம் கணக்கில் பாதி அப்படியே பொருந்தும். மீதிப் பாதியைக் கொண்டுவந்தால் இருக்கிற ஆட்டமும் கெட்டுப்போகும். எது எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஜிம்மில் நீங்கள் தினமும் போய், இன்றைக்கு அதிகபட்சம் எவ்வளவு தூக்குவேன் என்று பார்ப்பதில்லை. எப்போதாவது ஒரு நாள் பார்ப்பீர்கள். மற்ற நாளெல்லாம் அதற்குக் கீழே ஒரு எடையில் ஒழுங்காக செட் போடுவீர்கள். கேமில் இதைத் தலைகீழாகச் செய்கிறீர்கள். ரேங்க் மேட்ச் என்பது உச்ச எடையைத் தூக்கிப் பார்க்கிற காரியம். அங்கே பாயின்ட் போகும், கூட ஆடுகிறவன் மைக்கில் திட்டுவான், ஒரு தடவை நாக் ஆகி (அடிபட்டு விழுந்து) போனால் பாதி ஆட்டம் முடிந்தது. அந்த நெருக்கடியில் கை தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் செய்யும், புதிதாக எதையும் பழகாது. நாலு மணி நேரமும் ரேங்க் புஷ் என்றால் நாலு மணி நேரமும் சோதனை மட்டும்தான் நடக்கிறது, பயிற்சி என்று ஒன்று நடக்கவே இல்லை.

பளுதூக்கும் விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் பல்கேரியாவை இழுப்பார்கள். இவான் அபாஜியேவ் என்ற கோச் தன் அணியைத் தினமும் உச்ச எடை தூக்க வைத்தார், பட்டங்களும் வந்தன. உண்மைதான். ஆனால் அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட ஆட்கள், வேறு வேலையே கிடையாது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் இரண்டு பேர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டித் தங்கம் பறிபோய், அணியே பாதியில் ஊருக்குக் கிளம்பிய கதையும் அதோடு சேர்ந்ததுதான். செமஸ்டர் எழுதுகிற பிள்ளைக்கு அந்த வழி வேண்டாம்.

உங்கள் நாலு மணி நேரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எரங்கலில் ஒரு கிளாசிக் மேட்ச் கடைசி வரை போனால் அரை மணி நேரம். அதில் இறங்கி லூட் (ஆயுதம், சாமான்) எடுக்கிறது, வண்டி தேடுகிறது, ஜோனுக்கு (சுருங்கிவரும் பாதுகாப்பு வட்டத்துக்கு) ஓடுகிறது, புல்லில் படுத்துக் கிடக்கிறது எல்லாம் போக, துப்பாக்கி வெடிக்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் இரண்டு மூன்று நிமிடம் தேறினால் அதிகம். அதிலும் பலரும் திணறுகிற நடுத்தர தூரச் சண்டை ஒன்றோ இரண்டோதான் வரும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை வருகிற ஒரு அசைவு, அதுவும் பதற்றத்தோடு வருவது, எப்படிக் கைக்குப் படியும்? கேமிலேயே இருக்கிற டிரெயினிங் கிரவுண்டில் அதையே கால் மணி நேரத்தில் அத்தனை தடவையும் செய்துவிடலாம்.

சரி, பொருந்துகிற பாதிக்கு வருவோம். கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றுவது என்ற யோசனை பழையதுதான் என்றாலும், அதற்கு ஒழுங்கான கணக்குப் போட்டவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த வீரர்களின் கால் வலுவைத் திரும்பக் கொண்டுவர எடை தூக்க வைத்தார், 1945-இல் அதை எழுதினார். பிறகு 1948 வாக்கில் அந்த முறை சுருங்கி இப்படி ஆனது: ஒருவர் சரியாகப் பத்து முறை தூக்கக்கூடிய எடை எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் பாதி எடையில் ஒரு செட், முக்கால் எடையில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட். முழு எடை சுலபமானால் ஏற்ற வேண்டும். இன்றைக்கும் நம் ஜிம்களில் யாரைக் கேட்டாலும் "பத்துப் பத்தா மூணு செட்டு போடுலே" என்கிறார்களே, அதற்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

இதில் கேமுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று செட்டை அல்ல. அளந்து தெரிந்துகொண்ட ஒரு இடத்தில் தொடங்கி, அது கைக்கு வந்தபின் சிறிதாக ஏற்றுவதைத்தான். அந்தச் "சிறிதாக" என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நம்ம ஊர் ஜிம் பலவற்றில் 1.25 கிலோ பிளேட் இருக்காது. இருந்தால் ஒன்று இருக்கும், ஜோடி எங்கேயோ போயிருக்கும். பக்கத்துக்கு 2.5 போட்டால் ஒரேயடியாக 5 கிலோ ஏறிவிடும். 60-இல் நிற்கிற பையன் 65-ஐ ஏற்றி நெஞ்சில் வாங்கி, ஆளைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லி, திரும்ப 60-க்கே வருவான். மாதக்கணக்கில் இது நடக்கும். சின்ன பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் போட்டால் 62.5 போய்விடுவான். டைமண்ட் லாபிக்கும் கிரவுன் லாபிக்கும் நடுவில் உங்களுக்கும் இதுதான் நடக்கிறது. கேம் சின்ன பிளேட் எதையும் கையில் தராது. நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் கேமில் எடை எது? இங்கேதான் ரொம்பப் பேர் தப்பான பக்கம் போகிறார்கள். ரீகாயில் (சுடும்போது துப்பாக்கி எகிறுவது) பழகுகிறேன் என்று, அதைக் குறைக்கிற கம்பன்சேட்டர், கிரிப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மொட்டைத் துப்பாக்கியில் ஸ்ப்ரே (விடாமல் சுடுவது) அடித்துப் பழகுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "காலில் வெயிட் கட்டி ஓடுத மாதிரி அண்ணாச்சி" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மொட்டைத் துப்பாக்கி அதிகமாக மேலே எகிறும், அதை அமுக்கக் கை அதிகமாக இழுக்கப் பழகும். மேட்சில் எல்லாம் மாட்டிய எம்416 துப்பாக்கி கையில் வந்ததும் அதே இழுப்பு எதிராளியின் காலடியில் போய் விழும். பேஸ்பால் ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்குமுன் மட்டையில் எடை வளையத்தை மாட்டிச் சுழற்றுவார்கள். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வளையத்தைக் கழற்றியதும் மட்டை வேகமாகச் சுற்றுவதாக ஆட்டக்காரருக்குத் தோன்றுகிறது, அளந்தால் வேகம் கூடியிருக்காது. ஜிம்மில் எந்த அசைவைச் செய்கிறோமோ அதில்தான் ஏற்றம் கிடைக்கும் என்று உங்கள் மாஸ்டர் சொல்லியிருப்பார். கையின் வேலையில் இது இன்னும் கறாராக நடக்கும்.

ஆகவே அசைவை மாற்றாமல் சூழ்நிலையைக் கடினமாக்க வேண்டும். மேட்சில் எதை மாட்டி ஆடுவீர்களோ அதே துப்பாக்கி, அதே ஸ்கோப், அதே சென்சிட்டிவிட்டி (விரல் அசைவுக்குக் குறி எவ்வளவு நகரும் என்ற செட்டிங்). தூரத்தைக் கூட்டலாம். நிற்கிற இலக்கிலிருந்து நகர்கிற இலக்குக்குப் போகலாம். பிறகு நீங்கள் நகர்ந்துகொண்டே அடிக்கலாம். கவரில் ஒளிந்திருந்து வெளியே வந்த கணத்தில் அடிக்கலாம். கடைசியாகத் திருப்பிச் சுடுகிற ஒருவனுக்கு எதிராக அடிக்கலாம். இவை ஒவ்வொன்றும் ஒரு சின்ன பிளேட்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். டிரெயினிங் கிரவுண்டில் ஒரு சுவரிலிருந்து சுமார் 50 மீட்டர் தள்ளி நின்று, எம்416, 3 எக்ஸ் (மூன்று மடங்கு பெரிதாக்கும்) ஸ்கோப், ஒரே இடத்தைக் குறிவைத்து 30 குண்டையும் விடாமல் அடியுங்கள். அப்புறம் கிட்டே போய்ச் சுவரைப் பாருங்கள். குண்டு பட்ட தடம் இருக்கும். ஒரு ஆளின் உடம்பு அளவுக்குள் எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கையைவிட முக்கியம், தடம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது. பலருக்கு முதல் பத்து குண்டு கொத்தாக விழும். நடுவில் கட்டைவிரல் கொஞ்சம் தாமதிக்கும், அங்கே நாலைந்து மேலே ஏறியிருக்கும். அதைச் சரிசெய்யும் அவசரத்தில் ஃபோனைச் சாய்ப்பார்கள், கடைசிப் பத்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். கைரோ (ஃபோனைச் சாய்த்துக் குறியை நகர்த்தும் வசதி) பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் தலைவலி. உங்கள் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்த்தால், எங்கே கெடுகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜிம்முக்கு வைத்திருக்கிற அதே நோட்டின் கடைசிப் பக்கம் போதும். தேதி, "3 எக்ஸ், 50 மீ, நின்றபடி", பிறகு ஒவ்வொரு மேகசினிலும் (30 குண்டில்) உடம்பு அளவுக்குள் விழுந்த எண்ணிக்கை: 17, 19, 16. வேறொன்றும் வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் பெரும்பாலான மேகசின்களில் 20-க்கு மேல் வந்தால் ஒரே ஒரு விஷயத்தைக் கடினமாக்குங்கள். தூரத்தையும் நகர்தலையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள், எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும். 20 என்பது நான் வைத்த கோடு, வேதவாக்கு இல்லை. உங்களுக்கு 18 என்றால் 18 வைத்துக்கொள்ளுங்கள். கோடு ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை மட்டும் செய்தால் போதுமா என்றால், போதாது. பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கும், பார்த்திருப்பீர்கள். 45 கிலோவில் ஆரம்பித்து 129 கிலோ வரை கல் வைத்திருப்பார்கள். குத்தவைத்து உட்கார்ந்து கல்லைக் கட்டிப்பிடிப்பது, அதைத் தொடைக்கு ஏற்றுவது, தொடையிலிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து தோள், அப்புறம் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவது என்று அதில் படிகள் உண்டு. தோற்கிறவர்களைக் கவனித்தால், எல்லாரும் ஒரே படியில் தோற்பதில்லை. ஒருவருக்குக் கல்லின் வழவழப்பில் பிடியே கிடைக்காது. இன்னொருவர் தொடைவரை அநாயாசமாகக் கொண்டுவருவார், நெஞ்சுக்கு ஏற்றும்போது முதுகு வளைந்து கல் நழுவும். இரண்டு பேருமே "கல்லைத் தூக்க முடியவில்லை" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் வேண்டிய பயிற்சி வேறு வேறு.

நீங்கள் கிரவுனில் நிற்க முடியாததும் அப்படித்தான். எந்தப் படியில் நழுவுகிறது? செத்ததும் லாபிக்கு ஓடாமல் டெத் ரீப்ளேயை (எப்படிச் செத்தீர்கள் என்று காட்டும் பதிவை) பாருங்கள். நோட்டில் ஒரே வார்த்தை எழுதுங்கள்: குறி, இடம், முடிவு. எதிரே இருந்தவனை நீங்கள் முதலில் பார்த்தும் அடிக்க முடியாமல் செத்தால் "குறி". திறந்த வெளியில் நின்று இரண்டு பக்கமும் வாங்கினால் "இடம்". போகவே தேவையில்லாத சண்டைக்குப் போனால், இல்லை நாக் ஆன கூட்டாளியை எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுப்பப் போனால் "முடிவு". ஒரு வாரம் எழுதினால் எது அதிகம் என்று தெரிந்துவிடும். என் அனுமானத்தைச் சொல்லட்டுமா? டைமண்டில் கிடக்கிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் குறி பிரச்சினையே இல்லை, இடம்தான் பிரச்சினை. ஆனால் எல்லாரும் டிரெயினிங் கிரவுண்டில் குறியைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஜிம்மில் கால் பழகாமல் பைசெப்ஸ் மட்டும் போடுகிற கூட்டம் இருக்கிறதே, அதேதான். உங்களுக்கு "இடம்" அதிகம் வந்தால் ஸ்ப்ரே நேரத்தைப் பாதியாக்கி, அந்த நேரத்தில் மேப்பைத் திறந்து, செத்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு எந்தக் கவருக்குப் போயிருக்கலாம் என்று பாருங்கள். அலுப்பான வேலைதான்.

இனி பொருந்தாத பாதி. ஜிம்மில் ஒரு செட்டின் கடைசி இரண்டு மூன்று ரெப் (ஒரு முறை தூக்குவது ஒரு ரெப்) மெதுவாக, கஷ்டப்பட்டு ஏறும். தசை வளர அந்த ரெப்கள் முக்கியம். அதனால் ஜிம் பழக்கம் உள்ளவர்களுக்குக் களைப்பு என்றாலே நல்லது என்று மனதில் பதிந்துவிடுகிறது. கேமில் களைத்த கை கற்றுக்கொள்வது, களைத்த கையின் ஆட்டத்தை. நோட்டில் 20, 21, 19 என்று வந்தது திடீரென்று 14, 13 என்று இரண்டு மேகசின் அடுத்தடுத்து இறங்கினால் அன்றைக்கு அந்தப் பயிற்சி முடிந்தது. இன்னும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் தப்பான அசைவைத்தான் திரும்பத் திரும்பச் செய்வீர்கள். சவத்தை விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

சொல்லப்போனால் ஜிம்மிலேயே ஆரம்ப வாரங்களில் எடை ஏறுவது தசை பெருத்ததால் அல்ல. 1979-இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: தொடக்கத்தில் கூடுகிற வலுவில் பெரும்பங்கு நரம்பு வழியாக வருகிறது, தசைப் பெருக்கம் பின்னால்தான் சேர்ந்துகொள்கிறது. உங்கள் பெஞ்ச் பிரஸ் முதல் இரண்டு மாதம் கிடுகிடுவென்று ஏறியது நினைவிருக்கும். அது கை வித்தை பழகியதன் ஏற்றம். கேமில் கிடைப்பது முழுக்க அந்த வகை ஏற்றம்தான், அதனால் அதற்குரிய விதிகளைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த விதிகளில் முதலாவது, நேரத்தைப் பிரிப்பது. 1978-இல் பாட்லி, லாங்மன் என்ற இருவர் பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கிப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரமாகத் தினம் இரண்டு வேளை. மொத்த மணிக்கணக்கில் பார்த்தால் தினம் ஒரு மணி நேரம் பழகியவர்கள்தான் குறைந்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறை பிடிக்கவில்லை என்று அதிகம் சொன்னவர்களும் அவர்கள்தான், நாள் இழுக்கிறது என்று. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். தினம் கால் மணி நேரம் ஸ்ப்ரே என்றால், என்னடா இது என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒரேயடியாக அடிப்பது பெரிய வேலை செய்த மாதிரி இருக்கும். கை தினக்கணக்கைத்தான் மதிக்கும்.

இரண்டாவது, கலந்து பழகுவது. ஜிம்மில் ஒரே பயிற்சியை நாலு செட் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம். புதிய அசைவைப் பழகும் முதல் சில நாட்களுக்குக் கேமிலும் அது சரி. அதற்கப்புறம் கலக்க வேண்டும்: ஒரு மேகசின் 3 எக்ஸ், அடுத்தது ரெட் டாட் ஸ்கோப்பில் கிட்டத்து இலக்கு, அடுத்தது ஓடிக்கொண்டே. இந்த வேறுபாட்டை ஷே, மார்கன் என்பவர்கள் 1979-இல் சோதித்தார்கள். ஒன்றையே தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் பிறகு வைத்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். ஆகவே கலக்கத் தொடங்கியதும் நோட்டில் எண் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம்.

மூன்றாவது தூக்கம். ஜிம்மில் தூங்கினால்தான் தசை தேறும் என்று தெரிந்த பிள்ளைகள்கூட கேமுக்கு என்றால் இரண்டு மணி வரை விழித்திருக்கிறார்கள். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டிப் பழகியவர்கள், நடுவில் பயிற்சியே இல்லாமல் ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டியதாக 2002-இல் ஒரு ஆய்வு வந்தது. அந்த எண்ணை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டாம், ஆனாலும் பழகிய ராத்திரியில் தூக்கத்தை வெட்டுவது பழகியதை வெட்டுவதுதான்.

அப்புறம் இந்த சென்சிட்டிவிட்டி கோடு (code, அடுத்தவர் செட்டிங்கை அப்படியே ஏற்றிக்கொள்கிற எண்) வியாதி. யூடியூப்பில் யாரோ போட்டார் என்று வாரத்துக்கு ஒரு கோடு ஏற்றுகிறவன், வாரத்துக்கு ஒரு ஷெட்யூல் மாற்றுகிற ஜிம் பையனுக்குச் சொந்தத் தம்பி. மாற்றிய முதல் நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், நாலாம் நாள் பழைய நிலை. ஒரு செட்டிங்கை வைத்துக்கொண்டு குறைந்தது ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள். தொட்டால் நோட்டில் எழுதிவிட்டுத் தொடுங்கள்.

நம்ம ஊருக்கென்று ஒரு விஷயமும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் சார்ஜில் போட்டுக்கொண்டே ஆடினால் ஃபோன் கொதிக்கும். கொதித்தால் ஃபிரேம் விழும் (படம் திக்கித் திக்கி ஓடும்), தொடுவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் வரும். அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி கை பழகுவது வீண். விரல் வேர்த்து வழுக்குவது தனி. பயிற்சியைக் காலையில் வையுங்கள். வேர்க்கிற விரலுக்கு விரலுறை போட்டால் மேட்சிலும் போடுங்கள், ஒன்றில் போட்டு ஒன்றில் விடாதீர்கள்.

ரேங்கை அளவுகோலாக வைக்காதீர்கள். அதில் உயிரோடு கிடந்ததற்குப் பாயின்ட், அதிக மேட்ச் ஆடியதற்குப் பலன், சீசன் முடிந்தால் இறக்கம் என்று பலதும் கலந்திருக்கிறது. உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிற ஒரு சேக்காளியைப் பிடித்து வாரத்துக்கு ஒரு நாள் ஒருத்தருக்கொருத்தர் பத்து ரவுண்டு ஆடுங்கள். மூன்று, நாலு ஜெயித்தால் சரியான ஆள். ஒன்றுகூட வரவில்லை என்றால் அவர் உங்களுக்கு 65 கிலோ, வேறு ஆளைப் பாருங்கள். ரேங்க் மேட்சை வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு வைத்துக்கொண்டு, அன்றைக்கு எதையும் பழக முயலாமல் ஆடுங்கள்.

கடைசியாகக் கை. ஜிம்மில் மணிக்கட்டுக்குப் பட்டை சுற்றுகிறவர்கள் கேமில் கட்டைவிரலை யோசிப்பதே இல்லை. தசை சீக்கிரம் பழகும், தசைநாண் மெதுவாகத்தான் பழகும், ஜிம்மிலும் கேமிலும் இது ஒன்றுதான். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி வந்து, பாட்டில் மூடியைத் திருகினாலோ விரலை மடக்கினாலோ சுருக்கென்றால், அதைத் தாண்டி ஆடாதீர்கள். சில நாள் ஓய்விலும் போகவில்லை என்றால் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கேயோ எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரே நாளில் இரண்டும் செய்யலாம், வரிசைதான் முக்கியம். டெட்லிஃப்ட், புல் அப் போட்ட பிறகு முன்கை நடுங்கும், பிடி விட்டுப்போயிருக்கும். அந்தக் கையோடு போய் 3 எக்ஸ் ஸ்ப்ரே அடித்தால் நோட்டில் 12 வரும், மனசும் கெடும். அதனால் கேம் பயிற்சி காலையில், ஜிம் சாயங்காலம். காலேஜ் நேரம் அப்படி ஒத்துவரவில்லை என்றால் கால் பழகுகிற நாளில் ஸ்ப்ரே வையுங்கள், முதுகு பழகுகிற நாளில் டெத் ரீப்ளேயும் மேப்பும் பாருங்கள். ஒரு மாதம் போனபின் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் படியில் நழுவுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.